சிட்டி வி-டெக்கில் கோல்டு ஏர் இன்டேக்: மழைநீர் குறித்து ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் உள்ள 2002ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி 1.5 வி-டெக் காரில் காற்று ஃபில்டர் இருக்கும் பழைய ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, ஃபில்டர் முன்பக்க பம்பருக்குள் இறங்கி அமரும்படியான கோல்டு ஏர் இன்டேக் (எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்) ஒன்றைச் சென்ற வாரம் நானே பொருத்தினேன். எஞ்சின் சூடு ஏறாத, அடர்த்தியான வெளிக்காற்று உள்ளே போவது நல்லதுதான். ஆனாலும் உறுமல் கூடிய அளவுக்கு இழுவையும் கூடியது என்று சொல்ல மனம் வரவில்லை.

என் கவலை வேறு. ஃபில்டர் இப்போது தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைச் சாண் உயரத்தில்தான் இருக்கிறது. வேளச்சேரியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கும் நாளில் அது மூழ்கி, சிலிண்டருக்குள் நீர் புகுந்துவிட்டால், நீரை அமுக்க முடியாத பிஸ்டன் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். குழாயின் நடுவே, ஃபில்டர் மூழ்கினால் மாற்று வழியில் காற்றை உள்ளே விடும் பைபாஸ் வால்வு வைத்தால் போதுமா, அல்லது வடகிழக்குப் பருவமழை முடியும்வரை குட்டைக் குழாயுடன் ஃபில்டரை பானெட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது மேலா?

இன்னொன்று: எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவரிலிருந்து உள்ளே சேரும் ஆவியை வெளியே கொண்டுவரும் பிரீதர் ஹோஸுக்குப் புதிய குழாயில் உள்ள முனை சற்றுச் சிறியது, கிளாம்ப் இறுக்கியும் ஓரத்தில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பிக்கொள்கிறது. இதற்கு அடாப்டர் கிடைக்குமா? இதே காரில் செய்து பார்த்தவர்கள் விவரம் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.