2004 மாருதி 800: பின்பக்க ஒடுக்கை எடுக்க மதுரையில் நல்ல டிங்கர் தேவை

வணக்கம். இது அப்பா ஓட்டிய கார். மூன்று வாரத்துக்கு முன் திருமங்கலத்தில் நிறுத்தியிருந்தபோது, ரிவர்ஸ் எடுத்த லோடு வண்டி ஒன்று இடித்துவிட்டது.

இடது பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தகடு உள்வாங்கியிருக்கிறது. நடுவில் கூர்மையாக ஒரு மடிப்பு. அந்த மடிப்பில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, விரலால் தடவினால் துருப்பொடி ஒட்டுகிறது. டிக்கிக் கதவும் சரியாகப் படியவில்லை. போன மழையில் உள்ளே மேட் நனைந்துவிட்டது.

வெந்நீர் ஊற்றி ரப்பர் கப்பால் இழுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் பம்பருக்குச் சரி, இந்தத் தகடு அசையவில்லை. உள்ளிருந்து மரச்சுத்தியலால் தட்டலாம் என்றால் சக்கர வளைவின் உள்தகடு மறிக்கிறது, கை போகாது. அப்புறம் இரண்டு பட்டறைகளில் காட்டினேன். ஒருவர் பட்டி போட்டு மூடிவிடலாம் என்கிறார். துருவின் மேல் பட்டி எத்தனை நாள் நிற்கும்? இன்னொருவர் வெட்டிவிட்டு வேறு தகடு வைக்கச் சொல்கிறார். கதவு மாதிரி கழற்றி மாட்டும் பாகம் இல்லை இது, பாடியோடு வெல்டிங் ஆனது. வெட்ட மனம் வரவில்லை.

தகட்டின் மேல் வாஷரை வெல்டு வைத்து, வெளியிலிருந்தே இழுத்து நிமிர்த்தும் பட்டறை மதுரையிலோ சுற்றுவட்டாரத்திலோ எங்கே இருக்கிறது?