ராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் இளவட்டம் ஏன் தங்குவதில்லை?

கரிசல்காட்டான்:
நெல்லுக்குப் புரட்டாசியில புழுதி விதைப்பு, அதாவது மழைக்கு முன்னாடி காய்ஞ்ச மண்ணுல விதைக்கிறது; தையில அறுப்பு. மிளகாய் வத்தல் காய்ஞ்சு விலைக்குப் போனா சித்திரை முடிஞ்சுது. மிச்ச மாசம் கையில வேலையும் இல்ல, காசும் இல்ல. பையன் திருப்பூருக்கோ துபாய்க்கோ போகாம என்ன பண்ணுவான்? நிலத்தடித் தண்ணி பல ஊர்ல உப்பு. போர் போட்டுப் பிரயோஜனமில்ல. மழைத்தண்ணியைத் தேக்க நிலத்துலயே வெட்டுற பண்ணைக்குட்டைதான் வழி.

மூட்டக்காரன்:
குட்டையா? வெட்டிப்போட்டு வறண்டு கிடக்கிறதையும் எண்ணிப் பாருங்க அண்ணே. அதுல கருவேலம்தான் முளைச்சிருக்கு.

கரிசல்காட்டான்:
மேட்டுல வெட்டினா அப்படித்தான் கிடக்கும். ஓட்டத்தண்ணி வந்து சேர்ற பள்ளத்துல வெட்டணும். 30க்கு 30 மீட்டர், ஆழம் 2, பக்கம் 1:1 சரிவுன்னா 15 லட்சம் லிட்டர் பிடிக்கும். வெயில் ஒரு நாளைக்கு 4 மி.மீ. குடிச்சா மூணு மாசத்துல 3 லட்சம் போச்சு. கசிவும் கழிச்சு 10 லட்சம் மிச்சம்னு வைங்க. ஏக்கருக்கு 5 செ.மீ. பாய்ச்ச 2 லட்சம். ஆக, ஒரு ஏக்கர் மிளகாய்க்கு அஞ்சு தண்ணி. பூவும் பிஞ்சும் கொட்டாம நிக்கிறது அதுலதான். தண்ணி நுழையுற வாய்ல, வர்ற மண்ணு படியுறதுக்கு வண்டல்குழி இல்லன்னா சீக்கிரமே தூர்ந்துடும். வெட்டின மண்ணைக் கரை ஓரத்துலயே குவிச்சா அடுத்த மழையில உள்ளேயே சரியும். ஆசைப்பட்டு ஆழம் போனா உப்பு ஊத்து.

செல்வி:
ரெண்டு பேரும் பையனைப் பத்தியே பேசுறீங்க. 2021லேருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, சரி. ஏற பஸ் வரணுமே! சாயங்காலம் கல்லூரி விடுற நேரத்துக்கும் கடைசி வண்டிக்கும் பொருந்தலன்னா ஹாஸ்டல்தான். ஹாஸ்டல்ல இருந்து படிச்ச பொண்ணு திரும்ப அந்த ஊருக்கே வாக்கப்பட்டு வருவாளா? குட்டை வெட்டுறதுக்கு முன்னாடி டெப்போவுல நேர அட்டவணையை மாத்தச் சொல்லி மனு குடுங்க. செலவு கம்மி.

மூட்டக்காரன்:
சோலார் மின் நிலையத்தையும் சொல்லிருங்க. கமுதியில 648 மெகாவாட், 2016ல வந்தது. கட்டும்போது ஆயிரக்கணக்குல ஆளு. கட்டி முடிச்சப்புறம் காவலும் தகடு கழுவுறதும்தானே?

கரிசல்காட்டான்:
அதை நம்பி யாரும் இல்ல. முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு வந்திருக்கு, அதைப் பிடிங்க. வத்தலை மண்தரையில பரப்பாம தார்ப்பாய்ல காயவச்சு, குலுக்கினா விதை கலகலக்குற பதத்துல ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல இருப்பு வையுங்க. அந்தச் சரக்கையே ஈடா வச்சு, மதிப்புல 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் உண்டு. ஈரத்தோட மூட்டை கட்டினா பூஞ்சை பிடிச்சு எல்லாம் போச்சு.

மூட்டக்காரன்:
கமிஷன் கடையில முன்பணம் வாங்கினவன் கூடத்துக்கு எப்படிண்ணே கொண்டுபோவான்?

செல்வி:
முன்பணம் ஏன் வாங்குறான்? பட்டா இன்னும் தாத்தா பேர்லயே கிடக்கு. தன் பேர்ல பட்டாவும், என்ன பயிர்னு காட்டுற அடங்கலும் இல்லாதவனுக்குக் கூட்டுறவுச் சங்கத்துல பயிர்க்கடன் கிடைக்கிறது கஷ்டம். குட்டைக்கு மானியமும் இழுபறிதான். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், உட்பிரிவு, பட்டா மாறுதல். இந்த வரிசையில போகணும். சென்னையில இருக்குற சித்தப்பா கையெழுத்துக்கு வர்ற வரைக்கும் அவன் திருப்பூர்லதான் இருப்பான்.