ரைஃபிள் வார் தோளில் நிற்க மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

32 மி.மீ. அகல நைலான் வார், குறிபார்க்கும் ஸ்கோப்போடு சேர்த்துச் சுமார் 4 கிலோ ரைஃபிள். குழலை மேல்நோக்கி வைத்து மாட்டினால் நாலு எட்டு நடப்பதற்குள் கைப்பக்கம் சரிகிறது. மேலே மழைக்கோட்டு இருந்தால் கேட்கவே வேண்டாம். நைலான்மேல் நைலான், பிடிப்பு எங்கிருந்து வரும்?

வாரைக் குறுக்கி ரைஃபிளை முதுகோடு ஒட்ட வைத்தால் ஆட்டம் குறைகிறது, வழுக்கல் நிற்கவில்லை. தோளில் படும் 25 செ.மீ. நீளத்துக்கு மட்டும் உட்புறம் சொரசொரப்பான ஸ்வேட் தோல் வைத்துத் தைக்கலாமா என்று யோசனை. வெறும் பசை போதாது. வார் வளைய வளைய ஓரம் உரிந்துவிடும். நீளம் சரிசெய்யும் கொக்கி ஓடும் பகுதியில் தையலும் படக்கூடாது, தடித்துப்போய் உள்ளே நுழையாது. சைக்கிள் டியூப் இன்னும் நன்றாகப் பிடிக்கும்தான், ஆனால் குறிபார்க்க எடுக்கும்போது சட்டையையும் சேர்த்து இழுக்கும்.

சிலிகான் கோடு போட்ட வார் நனைந்த பிறகும் பிடிக்கிறதா? மேலங்கியின் தோள் விளிம்பில் பெரிய பொத்தான் தைத்து வாரைத் தடுப்பவர்கள் இருக்கிறீர்களா? முதுகுப்பை வாரோடு அது மோதுமா?

உடம்புக்குக் குறுக்கே மாட்டச் சொல்லாதீர்கள், சட்டென்று கழற்ற முடியாது. பதிலோடு உங்கள் வாரின் அகலத்தையும் எழுதுங்கள்.