கோயம்புத்தூரில் வர்க்கி அடுக்கு விடமாட்டேன் என்கிறது

குன்னூர்ப்பொண்ணு:
கோயம்புத்தூரில் கேட்டரிங் டிப்ளமா, இரண்டாம் வருடம். வரும் வியாழக்கிழமை பேக்கரி பிராக்டிகலில் அவரவர் ஊர்ப் பண்டம் ஒன்று செய்து காட்ட வேண்டும். பழனிப் பையன் ஒருத்தன் பஞ்சாமிர்தம் என்று முதல் நாளே பெயர் கொடுத்துவிட்டான். அவனுக்கு ஓவனே தேவையில்லை, கெட்டிக்காரன். நான் வர்க்கி, அதாவது எங்கள் நீலகிரியில் டீயோடு சாப்பிடும் அடுக்கடுக்கான மொறுமொறு பண்டம், என்று எழுதிக் கொடுத்தேன். அப்பா குன்னூரில் இருபத்தாறு வருடம் வர்க்கி போட்டவர், நமக்கென்ன பயம் என்ற தைரியம்தான்.

மூன்று தடவை போட்டாகிவிட்டது. முதல் தடவை மாவாவே கெட்டது. ஈஸ்டுக்குப் பதிலாக வாழைப்பழம், ரவை, சர்க்கரை, மைதா சேர்த்துப் புளிக்க வைப்போமே, அதுதான். வீட்டில் சாயந்திரம் கரைத்தால் காலையில்தான் பொங்கும். இங்கே ஹாஸ்டலில் இரவு பதினொரு மணிக்கே பொங்கி வழிந்து, விடியும்போது அறை முழுக்கக் கள் வாசனை. வார்டன் வந்து கதவைத் தட்டியது தனிக்கதை. இரண்டாம் தடவை மாவா சரி, ஆனால் அடுக்கே இல்லை. மூன்றாம் தடவை ஈஸ்ட் போட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது, கடித்தால் இனிப்பு பன்.

செஃப் வேறு, "இது பஃப்தானே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு?" என்கிறார். அப்பாவிடம் போனில் அளவு கேட்டால், "மாவு சொல்லும்மா" என்கிறார். என்னிடம் அது வாயே திறக்கவில்லை. யாராவது சொல்லுங்கள்.

கோத்தகிரி மணி:
தங்கச்சி, வர்க்கியை விடு, நம் படகர் வீட்டு அவரைக் குழம்பு, அவரை உதக்க செய். ஒரே ஒரு எச்சரிக்கை. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பானையில் அவரை வேக ரொம்ப நேரம் பிடிக்கும். அந்தக் கணக்கிலேயே என் அம்மா கோவையில் அக்கா வீட்டில் வேகவைத்து, அவரை கூழாகிவிட்டது.

குன்னூர்ப்பொண்ணு:
அண்ணா, பேக்கரி பிராக்டிகல்!

பழைய மாஸ்டர்:
பாப்பா, உன் கையில் குற்றமில்லை. நான் வெலிங்டன் பக்கம் முப்பது வருடம் இதே வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு மகன் வீட்டுக்கு, மேட்டுப்பாளையம், வந்தேன். முதல் தடவை போட்டபோது எனக்கும் பன்தான் வந்தது. மருமகள் மரியாதைக்காக இரண்டு சாப்பிட்டாள்.

குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே மேசையே ஜில்லென்று இருக்கும். டால்டாவைத் தடவி மடித்தால் அப்படியே நிற்கும். கீழே தடவும்போதே இளகி மாவுக்குள் இறங்கிவிடும். அப்படிக் கலந்த பிறகு எத்தனை மடிப்பு மடித்தாலும் வீண். வெண்ணெய் போட்டாயா? அது இன்னும் மோசம், 32, 33 டிகிரியிலேயே உருகி ஓடும். டால்டா கொஞ்சம் தாங்கும்.

விடிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பி. மைதாவையும் தட்டையும் முதல் நாளே பிரிட்ஜில் வை. ஒவ்வொரு மடிப்புக்கும் பிறகு அரை மணி நேரம் மாவையும் உள்ளே வை. நமக்கு மலை செய்துகொடுத்த வேலையை அங்கே பிரிட்ஜ்தான் செய்ய வேண்டும். மாவாவை வெளியே இரண்டு மணி நேரம் விட்டு, குமிழ் வந்ததும் பிரிட்ஜுக்குள் தள்ளு. பழ வாசனை வரும்போது எடுத்துவிடு. கள் வாசனை வந்தால் கொட்டிவிடு, மனசு கேட்காமல் பயன்படுத்தாதே.

அடுத்து ஓவன் விஷயம். நம் விறகு ஓவனில் தணலை ஒதுக்கிய பிறகு செங்கல் சூடு மெதுவாக இறங்கும், அதில்தான் வர்க்கி உள்ளே வரை காயும். உங்கள் கரண்ட் ஓவன் ஒரே சூட்டில் நிற்கும். 200ல் வைத்து நிறம் வந்ததும் 140க்கு இறக்கி, மறுபடி அரை மணி நேரம் காயவிடு.

செஃப்பிடம் இதைச் சொல்: பஃப்பில் புளிப்பு கிடையாது, நீராவிதான் அடுக்கைத் தூக்கும். வர்க்கி புளித்த மாவு. ஈஸ்ட் போட்டு அடுக்கடுக்காகச் செய்யும் டேனிஷ் பேஸ்ட்ரிக்கு ஏழைச் சொந்தக்காரன் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

குன்னூர்ப்பொண்ணு:
மாஸ்டர் ஐயா, ஞாயிறு காலை போட்டேன். உடைத்தால் சட்டை முழுக்கத் தூள் கொட்டுகிறது! நாலு மட்டும் அடி கருகிவிட்டது. அப்பாவுக்குப் போட்டோ அனுப்பினேன், "ஓரத்தை இன்னும் உள்ளே சுருட்டு" என்று மட்டும் பதில். புகை வாசனைதான் இல்லை. அதற்கு ஏதாவது வழி உண்டா?

பழைய மாஸ்டர்:
கரியைப் போட்டுப் புகை பிடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம், அது தந்தூரி ஆகிவிடும். வர்க்கியை முதல் நாளே போட்டு டப்பாவில் மூடி வை, அன்றன்றைக்குப் போட்டதைவிட நன்றாக இருக்கும். டீ நம் ஊர்த் தூளில், கொஞ்சம் ஸ்ட்ராங்காக. வாய் அகன்ற டம்ளராகப் பார்த்து எடு. காலேஜ் கப்பில் வர்க்கி நுழையாது.