புதுப்பிப்பு: குளச்சல் படிப்பகத்துக்கு நிதி கேட்டது

குளச்சலில் மீனவப் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்காக ஒரு நிறுவனத்திடம் சி.எஸ்.ஆர். நிதி (நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) கேட்டதையும், விண்ணப்பம் திரும்பி வந்ததையும் போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. எங்கள் அறக்கட்டளைக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள் இரண்டும் இருந்தும், சி.எஸ்.ஆர். நிதி வாங்கும் அமைப்புகள் அரசிடம் செய்ய வேண்டிய சி.எஸ்.ஆர்-1 பதிவு இல்லை. 2021 ஏப்ரல் முதல் அது கட்டாயம். மூன்று வருட அனுபவத்தையும் காட்ட வேண்டும்; நல்லவேளை, அது எங்களிடம் இருக்கிறது.

நாகர்கோவில் ஆடிட்டர் அண்ணன் படிவத்தைச் சான்றளித்து, பதிவு எண்ணும் வந்தாயிற்று. எங்கள் பட்ஜெட்டில் ‘இதர செலவு’ என்ற வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, “இத பிரிச்சு எழுதுங்க” என்றார். ட்யூப்லைட், பாய், நோட்டு, ஆசிரியை சம்பளம் என்று பிரித்தோம். அப்புறம், பணம் பெரும்பாலும் தவணையாகத்தான் வரும். முதல் தவணையை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்தது. அதனால் ரசீதுகளை இப்போதே கோப்பில் ஒட்டி வைக்கிறோம். திங்கட்கிழமை மறுபடி அனுப்புகிறோம்.