ஹோட்டன் சமவெளி: 68 வயது அம்மாவோடு முழுச் சுற்றும் நடக்க முடியுமா?

வெள்ளவத்தைக்காரன்:

வணக்கம் எல்லோருக்கும். வருகிற பெப்ரவரியில் நுவரெலியாவில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகன், அம்மா. அம்மாவுக்கு 68. முழங்காலில் கொஞ்சம் பிரச்சினை, ஆனால் தினமும் கடற்கரை ஓரமாக அரை மணித்தியாலம் நடப்பவர். பக்கத்திலுள்ள ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குப் போயே தீர வேண்டும் என்று நிற்பதும் அவர்தான். சுற்று ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் என்கிறார்கள். எனக்கோ வாகனத்தை விட்டு இறங்கினாலே மூச்சு வாங்கும், அது வேறு கதை. எத்தனை மணிக்குக் கிளம்புவது, அம்மாவால் எதுவரை போக முடியும், பையனை வைத்துக்கொண்டு உலக முடிவு என்கிற அந்தச் செங்குத்துப் பள்ளத்து ஓரத்தில் நிற்பது ஆபத்தா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

யாழ் நடையன்:

நேரம் ஒன்றைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் மிச்சம் எல்லாம் தானாகச் சரிவரும். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நாங்கள் தங்கிய இடத்தில் காலைச் சாப்பாடு ஏழரைக்குத்தான் என்றார்கள், காசு கட்டிய சாப்பாட்டை ஏன் விடுவான் என்று இருந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். வாசலில் வரிசை, டிக்கெட், பை சோதனை எல்லாம் முடிந்து உலக முடிவுக்குப் போய்ச் சேரப் பத்தரை. எதிரே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டியது போல மூடுபனி. கீழே 800 மீட்டருக்கு மேல் பள்ளம் இருக்கிறது என்று பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அரை மணித்தியாலம் காத்திருந்தோம், விலகவே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்து வெள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பம் எங்களுடையது.

நானுஓயா மேகம்:

யாழ் அண்ணா சொல்வது சரி. நான் இந்தப் பக்கத்து ஆள், எத்தனை தரம் போனேன் என்று கணக்கில்லை. வாசல் ஆறு மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் அம்பேவல, பட்டிப்பொல வழியாக மேலே ஏறும் பாதை, இருட்டில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. அதனால் நாலேமுக்காலுக்கு வாகனத்தில் ஏறிவிடுங்கள். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்திலிருந்து மேகம் எழும்பத் தொடங்கிவிடும்.

அம்மா விஷயம். இது மலை ஏறும் பாதை இல்லை, 2,100 மீட்டர் உயரத்தில் கிடக்கும் புல்வெளியும் காடும். முதலில் சமதரையாகப் போகும், பிறகு காட்டுக்குள் வேரும் கல்லும் குழியுமாக வரும். மழை பெய்திருந்தால் களிமண் வழுக்கும். பாதை பிரியும் இடத்தில் சின்ன உலக முடிவுப் பக்கம் திரும்புங்கள், பெரியதுக்கு முன்னால் வரும் சின்னப் பள்ளம் அது. பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கமாகப் போனால் பள்ளத்துக்கு வருவதற்குள் மேகம் முந்திக்கொள்ளும். சின்னதைப் பார்த்துவிட்டு அம்மாவின் முழங்காலைக் கேளுங்கள். அது சரி என்றால் பெரியதுக்குப் போகலாம், இல்லை என்றால் வந்த வழியே அவரோடு ஒருவர் திரும்பட்டும். அருவிக்கு இறங்கும் படிகள்தான் முழங்காலுக்கு உண்மையான எதிரி, அதை அவர் விட்டுவிடுவது நல்லது. முழுச் சுற்றுக்கு மூன்று மணித்தியாலம் என்பார்கள், உங்கள் கூட்டத்துக்கு நாலு, நாலரை வையுங்கள்.

பெப்ரவரி நல்ல தெரிவு. ஆனால் அதிகாலையில் புல்லில் உறைபனி கிடக்கிற காலம் அது. கொழும்பு ஆட்கள் அரைக்கைச் சட்டையோடு வந்து பல்லுக் கிட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சுவெட்டர், காது மூடும் தொப்பி, பழகிய சப்பாத்து. எட்டு மணிக்குப் பிறகு வெயில் சுள்ளென்று அடிக்கும், சுவெட்டரைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பையில் இடம் விட்டு வையுங்கள்.

இன்னொன்று, வாசலில் பையைத் திறந்து பொலித்தீன் உறை எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிடுவார்கள். கோபப்பட வேண்டாம். அங்கே மரைகள் பொலித்தீனைத் தின்று செத்திருக்கின்றன. ரொட்டியும் சம்பலும் டப்பாவில் கட்டி வாருங்கள், பிஸ்கட் பக்கற்றைக் கடதாசிப் பைக்கு மாற்றுங்கள். மரை வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து நிற்கும், பையன் பாண் துண்டை நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை சைக்கிள்:

இடையில் ஒரு சந்தேகம். மரை என்றால்? நாங்கள் கடமான் என்கிறோமே, அதுவா?

நானுஓயா மேகம்:

அதேதான் தம்பி. இங்கே மரை.

கிரிகல்பொத்தை கிறுக்கி:

அண்ணா, பையன் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஆபத்து பள்ளத்தில் இல்லை, போனில் இருக்கிறது. 2015இல் ஒரு டச்சுக்காரர் தேனிலவுக்கு வந்து, மனைவியைப் படம் எடுக்கப் பின்பக்கமாக நகர்ந்து உலக முடிவிலிருந்து விழுந்தார். கொஞ்சத் தூரத்தில் ஒரு மரத்தில் சிக்கியதால் உயிரோடு மேலே வந்தார். எல்லோருக்கும் அப்படி மரம் கிடைக்காது. ஓரத்துக்கு வருவதற்கு முன்பே பையனின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவன் கையைப் பிடித்திருப்பவர் படம் எடுக்கக்கூடாது. என் அக்கா பிள்ளைகளோடு போனபோது இந்த ஒரு சட்டம்தான் போட்டோம், பிரச்சினை வரவில்லை.

அம்மாவுக்குச் சுற்று கஷ்டம் என்று பட்டால் தொட்டுபொல கந்தையைப் பற்றியும் யோசிக்கலாம். பட்டிப்பொல பக்க வாசலுக்குக் கிட்டத்தான் ஏற்றம் தொடங்கும், தூரம் குறைவு. 2,357 மீட்டர், நாட்டின் மூன்றாவது உயர்ந்த சிகரம் என்று ஊரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது ஏற்றம், முழங்காலுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். கிரிகல்பொத்தைச் சிகரம் உங்களுக்கு வேண்டாம், போய்வர 14 கிலோமீட்டர் அளவில் வரும், சேற்றில் முழங்கால் வரை புதைந்திருக்கிறேன். திரும்பவும் போவேன், அது என் வியாதி.

வெள்ளவத்தைக்காரன்:

நன்றி எல்லோருக்கும். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். நாலேமுக்கால் என்றதும் மனைவியும் மகனும் முகத்தைச் சுளித்தார்கள், அம்மா மட்டும் "நான் நாலு மணிக்கே எழும்பிடுவன், உங்களைத்தான் எழுப்பவேணும்" என்றார். சின்ன உலக முடிவில் முழங்காலைக் கேட்பது என்று முடிவு. திரும்பி வரும்போது அம்பேவலயில் பால் குடிக்க நிறுத்த வேண்டும் என்பது மகனின் நிபந்தனை. நானுஓயா மேகம், ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: வழியில் தேத்தண்ணிக் கடை எதுவும் அந்த நேரத்துக்குத் திறந்திருக்குமா, இல்லை பிளாஸ்க்கில் கொண்டு வரவா?

நானுஓயா மேகம்:

பிளாஸ்க். இஞ்சி போட்டு.