பத்து வாரக் குட்டிகள் இரண்டு: கடித்துப் புரளும்போது எப்போது பிரித்துவிட வேண்டும்?

தங்கச்சிமடத்திலிருந்து:
வணக்கம். ஒரே ஈற்றில் பிறந்த நாட்டு நாய்க்குட்டிகள் இரண்டை வளர்க்கிறோம். செவலை ஆண், கருப்பி பெண். பகலில் பனையோலைக் கொட்டகை நிழலில் ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்துக் கிடக்கின்றன. பொழுது சாய்ந்து கடல்காற்று திரும்பியதும் ஆரம்பித்துவிடும். செவலை அவள் காதைக் கவ்வினால் விடுவதே இல்லை, அவள் வீறிடுகிறாள். நேற்று காது மடலில் இரத்தம் கசிந்தது. ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார் மாமியார். எனக்கு மனம் வரவில்லை. செவலையைத் தட்டிப் பார்த்தேன், இன்னும் மூர்க்கமாகிறான். என்ன செய்வது?

மண்டபத்திலிருந்து:
தங்கச்சி, தட்டுவதை இன்றே நிறுத்துங்கள். கை ஓங்கினால் அவனுக்கு வேகம்தான் கூடும். காதை உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரால் துடைத்துவிடுங்கள்; வீங்கினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாறி மாறித் துரத்துகின்றனவா, முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி அழைக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியென்றால் விளையாட்டு. ஒன்றே எப்போதும் அடியில் கிடந்தாலோ, வாலை இடுக்கிக்கொண்டு ஒளிந்தாலோ பிரித்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் செவலையை மட்டும் தூக்கிப் பிடியுங்கள். கருப்பி உடம்பை உதறிவிட்டு அவனிடமே வந்தால் அவளுக்கும் ஆட்டம் வேண்டும். விலகிப் போனால் ஆட்டத்தை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து:
செய்து பார்த்தேன், அண்ணன். இரண்டு முறை அவளே வந்தாள். மூன்றாம் முறை அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அவற்றைத் தூங்க விடுவதில்லை. அது காரணமாக இருக்குமா?

மண்டபத்திலிருந்து:
அதுவேதான்! இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 மணி நேரம்வரை தூங்கும். தூக்கம் கெட்ட குட்டிக்குக் கடியின் அளவு தெரியாது. ஐந்து மணிக்கு இரண்டையும் தனித்தனி இடத்தில் படுக்க வையுங்கள். பிறகு ஐந்து நிமிட ஆட்டம், கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஆட்டம். கருப்பி வீறிட்டதும் செவலை தானாக விட்டால் தடவிக் கொடுங்கள். கடியின் அளவை அவன் கற்பது அவளிடம்தான். அதனால் ஒன்றைக் கொடுத்துவிட அவசரப்பட வேண்டாம். சோற்றுத் தட்டு மட்டும் தனித்தனியாக, எட்ட எட்ட இருக்கட்டும்.

கீழக்கரையிலிருந்து:
அக்கா, கழுத்தில் பட்டை இருந்தால் விளையாடும்போது கழற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒன்றின் கீழ்த்தாடை மற்றதன் பட்டையில் மாட்டி முறுக்கிக்கொண்டது; கத்தரித்துத்தான் காப்பாற்றினோம். கடிக்கப் பழைய நைலான் வலைத் துண்டு கொடுக்காதீர்கள், இழை குடலில் சிக்கும். பருத்திச் சேலையைக் கிழித்து முடிச்சுப் போட்டு இரண்டாகக் கொடுங்கள். கரையில் ஒதுங்கிய பேத்தை மீனைக் கவ்வ விடவே கூடாது, அது நஞ்சு. பிள்ளைகள் மேல் பல் பட்டுக் கீறினால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே போங்கள். குட்டிதானே என்று இருந்துவிடாதீர்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து:
ஆறு நாள் ஆகிறது. ஐந்து மணித் தூக்கத்துக்குப் பிள்ளைகளே காவல் இருக்கிறார்கள். காது ஆறிவிட்டது. நேற்று கருப்பிதான் போய்ச் செவலையின் வாலை இழுத்தாள், அவன் ஓட இவள் துரத்தினாள். பட்டைகளைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். செவ்வாய்க்கிழமை இரண்டையும் தடுப்பூசிக்குக் கொண்டு போகிறேன்.